இசைத்தொகுப்பு பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் பின்னணியின் அளவு: நன்னூல் சிறப்புப்பாயிர இலக்கணமும் இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இசைத்தொகுப்பைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் ‘பின்னணி’ என்னும் பகுதி எவ்வளவு இடம்பெற வேண்டும் என்பது இன்றைய களஞ்சியப் பதிப்பில் தீர்வு வேண்டி நிற்கும் சிக்கலாகும். தமிழ் இலக்கண மரபில் நூலுக்கு முன்னுரைக்க வேண்டிய செய்திகளை வரையறுத்த சிறப்புப்பாயிர இலக்கணம் இச்சிக்கலுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 2005ஆம் ஆண்டு வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பு சான்றாகக் கொள்ளப்பட்டு, அதன் பின்னணிச் செய்திகள் நன்னூலின் பாயிர உறுப்புகளோடும் நூற்குற்றங்களோடும் பொருத்தி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலைக்களஞ்சியம், இசைத்தொகுப்பு, பின்னணி, சிறப்புப்பாயிரம், நன்னூல், திருவாசகம்.

1. முன்னுரை

தமிழில் களஞ்சிய ஆக்கம் நூற்றாண்டைக் கடந்த வரலாறு உடையது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘கலைக்களஞ்சியம்’ 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக நிறைவுற்றது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கப்பெற்றது. முதலிரண்டு களஞ்சியங்களிலும் ஆள், இடம், நூல், கருத்து ஆகியனவே பெரும்பாலும் தலைச்சொற்களாயின. தனியொரு இசைத்தொகுப்பைத் தலைச்சொல்லாக்கும் வழக்கம் பிற்காலத்தது. ஆதலின் அத்தகைய கட்டுரைக்குரிய உறுப்புகள், அவற்றின் அளவு ஆகியன பற்றித் தமிழில் நிலைபெற்ற மரபு உருவாகவில்லை.

இக்குறையின் விளைவு சிறிதன்று. பின்னணி மிகுந்தால் இசைத்தொகுப்பைப் பற்றிய கட்டுரை இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாறாகவோ மூலநூலின் வரலாறாகவோ மாறிவிடும். பின்னணி குறைந்தால் பாடற்பட்டியலும் கலைஞர் பெயர்களும் மட்டுமே எஞ்சும். அப்பட்டியல் எதனை உணர்த்துகிறது என்பதை வாசகர் அறிய இயலாது. ஒரு படைப்பைப் பற்றி மாணவர் முதலில் நாடும் வாயில் களஞ்சியமே என்பதால், அங்கு நேரும் அளவுப்பிழை அடுத்தடுத்த எழுத்துகளிலும் தொடரக்கூடும்.

2. சிறப்புப்பாயிரம் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்தில் இடம்பெற வேண்டியனவாக எட்டுச் செய்திகளைச் சுட்டுகிறார். அவை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன. இவற்றை அடுத்துக் காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்று தனி நூற்பாவில் உரைக்கிறார்.

இவ்விரு நூற்பாக்களின் வைப்புமுறை கருதத்தக்கது. முதல் எட்டும் நூலின் இயல்பை உணர்த்துவன. பின்னைய மூன்றும் நூல் தோன்றிய சூழலை உணர்த்துவன. இன்றைய களஞ்சியக் கட்டுரையில் ‘பின்னணி’ எனத் தலைப்பிடப்படும் செய்திகளுள் பெரும்பாலானவை இம்மூன்றனுள் அடங்கும். நன்னூலார் அவற்றை விலக்கவில்லை. எட்டோடு ஒப்ப வைக்கவும் இல்லை. சூழற்செய்தி ஏற்கத்தக்கது, ஆயினும் படைப்பின் இயல்பு உணர்த்தும் செய்திக்குப் பின்னிற்பது என்னும் வரிசைமுறை இதனால் பெறப்படுகிறது.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் இதற்கு எடுத்துக்காட்டாகும். பனம்பாரனார் இயற்றிய அப்பாயிரம் 15 அடிகளே கொண்டது. நிலத்தின் எல்லை, முந்துநூல் கண்ட முறை, அரங்கேறிய அவை, நூலைக் கேட்டு ஆராய்ந்த ஆசான், ஆசிரியர் பெயர் ஆகியவை அவ்வடிகளில் அடங்குகின்றன. பாண்டியனின் அவை சுட்டப்படுகிறது; பாண்டியன் வரலாறு விரிக்கப்படவில்லை. அதங்கோட்டாசான் சுட்டப்படுகிறார், அவரது வாழ்க்கை கூறப்படவில்லை. களம் பற்றிய செய்தி நூலுக்குத் தொடர்புடைய அளவில் நின்றுவிடுகிறது.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மூன்று இப்பொருளுக்கு நேரே பொருந்துவன: குன்றக்கூறல், மிகைபடக்கூறல், மற்றொன்று விரித்தல். இவற்றிலிருந்து பின்னணியைத் தேர்வதற்கு மூன்று சோதனைகளை வகுக்கலாம்.

அ) நீக்கற் சோதனை: ஒரு செய்தியை நீக்கியபின் கட்டுரையின் பிற பகுதிகள் குறைவின்றி விளங்குமாயின் அச்செய்தி மிகைபடக்கூறல் ஆகும்.

ஆ) இடமாற்றச் சோதனை: ஒரு செய்தி எவ்வித மாற்றமும் இன்றி வேறொரு தலைச்சொல்லின் கீழ்ப் பொருந்துமாயின் அதனை இங்கு விரிப்பது மற்றொன்று விரித்தல் ஆகும்.

இ) வினாச் சோதனை: பாடற்பட்டியலைக் கண்டோ இசையைக் கேட்டோ வாசகருக்கு இயல்பாக எழும் வினாவுக்கு விடை இல்லையாயின் அது குன்றக்கூறல் ஆகும்.

3. ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பு: எட்டுச் செய்திகள்

இளையராஜாவின் ‘திருவாசகம்’ 6 பாடல்களைக் கொண்டது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இதில் பங்கேற்றது. கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பர் ராஜ் முன்னின்று நடத்திய தமிழ் மையம் இதனை உருவாக்கி வெளியிட்டது. ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதினார். பாயிர உறுப்புகளுள் நூற்பெயர், யாப்பு, வழி ஆகிய மூன்றும் இங்கு விரிவான ஆய்வுக்குரியன.

3.1 நூற்பெயர்

இப்படைப்பு மக்கள் வழக்கில் ‘சிம்பொனி’ எனப்படுகிறது. மேலை இசை மரபில் சிம்பொனி என்பது பெரும்பாலும் கருவியிசையால் பல பகுதிகளாக அமைவது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைப் போல் குரலிசை இடம்பெறுவனவும் உள. எனினும் அவை பொதுநெறி அல்ல. சமயப் பொருள் கொண்ட பாடலைத் தனிக்குரல், குழுக்குரல், இசைக்குழு ஆகியவற்றால் நடிப்பின்றி நிகழ்த்தும் வடிவம் ‘ஆரட்டோரியோ’ எனப்படும். ஹாண்டலின் ‘மெசாயா’ இதற்குப் பலரறிந்த சான்று. இளையராஜாவின் ‘திருவாசகம்’ இவ்வடிவத்தையே நெருங்கி நிற்கிறது.

இவ்விளக்கம் நீக்கற் சோதனையில் நிலைபெறுகிறது. 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் பதிவு செய்யப்பெற்ற இளையராஜாவின் சிம்பொனி வெளிவரவில்லை. 2025 மார்ச் 8 அன்று அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. ‘சிம்பொனி’ என்னும் பெயர் விளக்கப்படாவிடின் இம்மூன்றையும் வாசகர் ஒரே வகையாகக் கருத நேரும். ஆகவே பெயர் பற்றிய ஓரிரு தொடர்கள் பின்னணியில் இன்றியமையாதவை.

3.2 யாப்பு

தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நூல் யாக்கும் முறையை நான்காக நன்னூல் பகுக்கிறது. இவ்விசைத்தொகுப்பில் தொகுத்தலும் மொழிபெயர்ப்பும் கலந்து அமைந்துள்ளன. திருவாசகத்தின் 51 பகுதிகளுள் ஆறிலிருந்து பாடல்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளன. அவை இசைத்தொகுப்பின் வரிசையில் யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்பன. மூலநூலில் இவை முறையே 45, 1, 10, 37, 9, 35ஆம் பகுதிகளாக அமைந்தவை.

இவ்வரிசை மாற்றம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. நூலின் முதற்பகுதியாகிய சிவபுராணம் இங்கு இரண்டாவதாகிறது. அடியாரைப் பயணத்திற்கு அழைக்கும் யாத்திரைப்பத்து, மூலத்தில் இறுதிப்பகுதியை ஒட்டி நிற்பது, இங்குத் தொடக்கமாகிறது. மேலும் சிவபுராணப் பாடல் அப்பகுதியின் முதலடியிலிருந்து தொடங்காமல், தன் சிறுமையைப் புலப்படுத்தும் 25ஆம் அடியிலிருந்து தொடங்குகிறது. ஸ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள் இடம்பெறுவதும் இப்பாடலிலேயே. வாழ்த்தில் தொடங்கும் நூல் அழைப்பில் தொடங்கும் இசைப்படைப்பாக மாறியுள்ளது என்பதைப் பாடற்பட்டியல் மட்டும் உணர்த்தாது. மூலநூல் வைப்புமுறை பற்றிய சிறு பின்னணியே அதனை உணர்த்தும்.

3.3 வழி

தேவாரத்திற்குப் பண்முறை வகுக்கப்பட்டிருப்பது போலத் திருவாசகத்திற்கு வகுக்கப்படவில்லை. ஓதுவார் மரபில் திருவாசகம் பெரும்பாலும் மோகன இராகத்தில் பாடப்பெற்று வருகிறது. இளையராஜா எதிலிருந்து விலகினார் அல்லது எதனைத் தொடர்ந்தார் என்னும் வினாவுக்கு இச்செய்தி இல்லாமல் விடை காண இயலாது. அவ்வாறே திருப்பொற்சுண்ணம் மகளிர் நறுஞ்சுண்ணம் இடிக்கும்போது பாடும் பாட்டாகவும், திருக்கோத்தும்பி அரச வண்டை விளித்துப் பாடும் பாட்டாகவும் அமைந்தவை என்பதும் தேவையான பின்னணியே. தொழிலும் விளையாட்டும் சார்ந்த பாடல்வகை பேரிசைக்குழுவின் இசையாக மாறும்போது, மூலவகை எது என்று அறிந்தவரே மாற்றத்தின் அளவை உணர முடியும்.

திரையிசை சாராத தொகுப்புகளாக இளையராஜா முன்னர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) ஆகியவற்றையும் ஒரு தொடரில் சுட்டலாம். இத்தொகுப்பு திடீரெனத் தோன்றியதன்று என்பதை அவை காட்டும். அதற்கு மேல் அவற்றை விரிப்பது இடமாற்றச் சோதனையில் நில்லாது.

4. காலம், களம், காரணம்: விலக்கத்தக்கன

மாணிக்கவாசகரின் காலம் பற்றிய நெடிய விவாதம், இளையராஜாவின் பிறப்பும் திரைத்துறை வரலாறும், புடாபெஸ்ட் இசைக்குழுவின் வரலாறு ஆகிய மூன்றும் உரிய தலைச்சொற்களின் கீழ் நிற்கத்தக்கவை. இங்கு இணைப்புச் சுட்டு போதுமானது.

இவற்றினும் கடினமானது, உண்மையும் சுவையும் உடைய செய்தியை விலக்குவதாகும். ஜி. யு. போப்பின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு 1900இல் வெளிவந்தது. கிறித்துவத் துறவியர் ஒருவர் நூற்றாண்டுக்குப் பின் திருவாசக இசைத்தொகுப்பை முன்னின்று வெளியிட்டதோடு இதனை இணைத்துக் காட்டும் விழைவு கட்டுரையாளருக்கு இயல்பாக எழும். ஆயின் ஸ்வார்ட்ஸின் வரிகளுக்கும் போப்பின் மொழிபெயர்ப்புக்கும் தொடர்பு உண்டென்று சான்றுநூல் ஒன்று கூறினாலன்றி, அவ்விணைப்பு கட்டுரையாளரின் கருத்தாகவே நிற்கும். ஆய்விதழில் அது கருதுகோளாகலாம், களஞ்சியத்தில் ஆகாது.

வெளியீட்டுக்குப் பிந்திய பாராட்டுகளும் மாறுபாடுகளும் பின்னணியே அல்ல. அவை ‘வரவேற்பு’ என்னும் பகுதிக்கு உரியன. காலமுறை மயங்கி அவற்றை முன்வைத்தால் இசையைப் பற்றி அறியும் முன்னரே வாசகர் அதன்மீது தீர்ப்பு ஒன்றை ஏற்றுக்கொள்வர்.

காரணம் என்னும் உறுப்பு எல்லாத் தொகுப்புகளிலும் ஒரே நிலையினது அன்று. ஏ. ஆர். ரகுமானின் ‘வந்தே மாதரம்’ (1997) இந்திய விடுதலையின் 50ஆம் ஆண்டையொட்டி உருவானது. அங்குக் காரணமே படைப்பின் பொருளை நிர்ணயிக்கிறது. அதனை நீக்கினால் கட்டுரை விளங்காது. ‘ரோஜா’ (1992) போன்ற திரையிசைத் தொகுப்பில் பாடல் இடம்பெறும் காட்சிச்சூழல் சிறிதளவு வேண்டும். கதைச்சுருக்கம் முழுமையும் வேண்டா. சோதனைகள் பொதுவானவை, அவற்றால் பெறப்படும் அளவு தொகுப்புதோறும் வேறுபடும்.

5. சான்று பற்றிய வரையறை

பின்னணிச் செய்தி முதன்மைச் சான்றால் நிறுவப்பட வேண்டும். குறுந்தகட்டு உறையின் உள்ளேடு, வெளியீட்டுக் கால நாளிதழ்ச் செய்தி, கலைஞரின் நேர்காணல், திரைப்பாட்டுப் புத்தகம் ஆகியன அத்தகையவை. சென்னைப் பெருங்குடியை அடுத்த தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் திரைப்பாட்டுப் புத்தகங்களையும் பழைய இதழ்களையும் பேணிவருகிறது. எளிதில் அழியும் இவ்வகை வெளியீடுகளே திரையிசை பற்றிய களஞ்சியக் கட்டுரைக்கு அடிப்படைச் சான்றுகளாக அமைவன. நினைவிலிருந்தும் செவிவழிச் செய்தியிலிருந்தும் எழுதப்படும் பின்னணி அளவில் சிறிதாயினும் ஏற்கத்தக்கதன்று.

6. மாதிரிப் பத்தி

மேற்கண்ட சோதனைகளின்வழித் தேர்ந்த செய்திகளைக் கொண்டு அமையத்தக்க பின்னணிப் பகுதி வருமாறு:

“திருவாசகம் எட்டாம் திருமுறையைச் சேர்ந்த, 51 பகுதிகள் கொண்ட மாணிக்கவாசகரின் நூல். பண்முறை வகுக்கப்படாத இந்நூலை ஓதுவார்கள் பெரும்பாலும் மோகன இராகத்தில் பாடுவர். இதன் ஆறு பகுதிகளிலிருந்து தேர்ந்த பாடல்களுக்கு இளையராஜா மேலைப் பேரிசைக்குழுவுக்குரிய இசை அமைத்தார். ‘ஹவ் டு நேம் இட்’, ‘நத்திங் பட் விண்ட்’ ஆகியவற்றுக்குப் பின் வந்த அவரது திரைசாராத் தொகுப்புகளுள் இதுவும் ஒன்று. சிம்பொனி என வழங்கப்பெறினும் வடிவத்தால் ஆரட்டோரியோவை நெருங்கியது.”

ஐந்து தொடர்களுள் எதனை நீக்கினும் பாடற்பட்டியலோ இசைவடிவமோ முழுமையாக விளங்காது என்பது நோக்கத்தக்கது.

7. மறுப்பும் விளக்கமும்

சிறப்புப்பாயிரம் நூலாசிரியரைப் பிறர் புகழ்ந்துரைக்கும் மரபினது. களஞ்சியமோ நடுநிலை வேண்டுவது. ஆதலின் ஒன்றன் இலக்கணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என மறுக்கலாம். இம்மறுப்பு ஓரளவு ஏற்புடையதே. பாயிரத்தின் புகழ்நடையைக் களஞ்சியம் கொள்ளலாகாது. இங்குக் கொள்ளப்படுவது பாயிரத்தின் நடையன்று. செய்தி வரிசையும் அளவுமே ஆகும். மேலும் ஓர் இசைத்தொகுப்புக்கு ஆக்கியோர் பலர். மூலநூலாசிரியர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், இசைக்குழுவினர் ஆகியோரைத் தனித்தனியே சுட்ட வேண்டியிருப்பதால் ‘ஆக்கியோன் பெயர்’ என்னும் உறுப்பு விரிவு பெற வேண்டும்.

8. முடிவுரை

பின்னணியின் அளவைச் சொல்லெண்ணிக்கையால் வரையறுப்பது பொருந்தாது. படைப்பு எழுப்பும் வினாக்களே அதனை வரையறுக்கின்றன. படைப்பின் இயல்பை உணர்த்துவன முதலிடம் பெறவும், காலம், களம், காரணம் ஆகியன அவற்றைச் சார்ந்து நிற்கவும் வேண்டும் என்னும் நெறி நன்னூலிலிருந்து பெறப்படுகிறது. ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பில் ஆள் வரலாறு மிகுவதற்கும், பகுதிகளின் வரிசை, பாடல்வகை, ஓதுவார் மரபு ஆகியன விடுபடுவதற்கும் வாய்ப்பு அதிகம் என்பது இவ்வாய்வால் புலப்படுகிறது. விடுபடக்கூடிய இச்செய்திகளை எழுத வல்லோர் இலக்கியப் பயிற்சி உடையோரே. ஆகவே இசைத்தொகுப்புகள் பற்றிய களஞ்சியக் கட்டுரையாக்கத்தில் தமிழ்த்துறை ஆய்வாளரின் பங்கு இன்றியமையாததாகிறது.