விமானம் ஆயத்தம், எஞ்சின் எங்கே?

நம் கடற்கரையில் புதிதாக ஒரு வள்ளம் கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை அடித்து, வர்ணம் பூசி, பெயரும் எழுதியாயிற்று. எஞ்சின் மட்டும் வந்து சேரவில்லை. அந்த வள்ளம் கரையிலேதான் கிடக்கும் அல்லவா? ஆகாய விமானத் தொழிலிலும் இதே நிலைதான். நம் நாட்டுப் போர் விமானங்களின் வரலாறே இதற்குச் சான்று.

1940-ஆம் ஆண்டு தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். ஜெர்மானிய நிபுணர் கூர்ட் டாங்க் அங்கு வடிவமைத்த 'மாருத்' என்னும் ஜெட் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒலியை விஞ்சும் வேகமே அதன் நோக்கம். ஆனால் அதற்கென எண்ணியிருந்த ஆற்றல் மிக்க பிரிட்டிஷ் எஞ்சின் இடையிலேயே கைவிடப்பட்டது. ஆற்றல் குறைந்த எஞ்சினையே பொருத்த நேர்ந்ததால், எண்ணிய வேகம் கைகூடவில்லை. எனினும் 1971-ஆம் ஆண்டுப் போரில் மாருத் நற்பணி ஆற்றியது.

பழைய மிக்-21 விமானங்களுக்கு மாற்றாக இலகுரகப் போர் விமானம் ஒன்றைச் செய்ய 1983-இல் அரசு ஒப்புதல் அளித்தது. அதுவே 'தேஜஸ்'. அது முதன்முதல் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. விமானப் படையில் சேர்ந்ததோ 2016 ஜூலையில். இந்த 33 ஆண்டுத் தாமதத்திற்குக் காரணங்கள் என்ன?

முதலாவது, கணினிக் கட்டுப்பாடு, கார்பன் இழை உடல், சொந்த எஞ்சின் ஆகிய புதுமைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருந்தது. இரண்டாவது, 1998 பொக்ரான் அணுசோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்ததால் வெளியுதவி நின்றது. நம் பொறியாளர்கள் தாமே முயன்று முடித்தார்கள். மூன்றாவது, நாம் உருவாக்கிய 'காவேரி' எஞ்சின் போதிய உந்துவிசை தரவில்லை. ஆகவே அமெரிக்க எஃப்-404 எஞ்சினே பொருத்தப்பட்டது.

2021-இல் மேலும் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 2024-இல் முதல் விமானம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வகை எஞ்சினின் உற்பத்தியை அமெரிக்க நிறுவனம் முன்பே நிறுத்தியிருந்தது. மீண்டும் தொடங்கி முதல் எஞ்சினை அனுப்பியது 2025 மார்ச்சில். அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று மிக்-21 விமானங்கள் ஓய்வு பெற்றன. 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய படையில் அப்போது எஞ்சியவை 29. தாமதத்தின் விலை இதுதான்.

போட்டியாளர் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2023-இல் மலேசியா 18 விமானங்கள் வாங்க முற்பட்டபோது தேஜசும் போட்டியிட்டது. தென்கொரியாவின் எஃப்ஏ-50 வென்றது. அதிலும் எஃப்-404 குடும்ப எஞ்சின்தான்! அதே கொரிய நிறுவனம் போலந்துக்கு, 2022 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்து, 2023 முடிவதற்குள் 12 விமானங்களைக் கொடுத்துவிட்டது. தரமும் விலையும் போலவே சொன்ன நாளில் கொடுப்பதும் வாணிபத்தில் ஒரு மூலதனம்.

தோழியரே, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என்ற ஆண்டவரின் உவமையை நாம் அறிவோம். எஞ்சின் செய்யும் நுட்பத்தை நாமே கற்றாலன்றி அக்கணக்கு நேராகாது. கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் படைப்பிரிவு உள்ளது. 2024-இல் மோகனா சிங் என்னும் பெண் விமானி தேஜசை ஓட்டும் முதல் பெண்மணி ஆனார். ஓட்டப் பெண்கள் வந்துவிட்டார்கள். அதன் எஞ்சினை வடிவமைக்கவும் நம்மில் சிலர் முன்வர வேண்டாமா?