வீட்டுப்பாடமும் தாத்தாவின் வாதமும்

வாராவாரம் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் தமிழும் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்று சொல்கிறது, வீட்டில் நாங்கள் வேறு சொல்கிறோம். பிள்ளை எதை எழுதுவது?"

ஓர் உதாரணம் பார்ப்போம். "1857 எழுச்சிக்குக் காரணங்கள் யாவை?" என்பது கேள்வி. "அதென்ன 1857? அதற்கு 51 வருஷம் முன்பே நம் வேலூரில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்களே!" என்பார் தாத்தா. அவர் சொல்வது உண்மை. ஆனால் எது முந்தியது என்று கேள்வி கேட்கவில்லை; காரணம் கேட்கிறது. ஆகவே எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். யார், எப்போது, ஏன், ஒப்பிடுக – ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

அதற்காகத் தாத்தாவின் வேலூரை ஒதுக்க வேண்டாம். காரணத்தை விளங்கவைக்க அதுவே நல்ல துணை. வேலூரில் தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னார்கள். நெற்றிக்குறி, தாடி, கடுக்கன் கூடாது என்றார்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் திப்புவின் குடும்பம் காவலில் இருந்தது; திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அடக்கிவிட்டது. 1857 மே 10 அன்று மீரட்டில் எழுந்ததற்கு உடனடிக் காரணம், கொழுப்புத் தடவிய தோட்டா. இரண்டிலும் மதம் புண்பட்டது. ஆனால் 1857இல் அயோத்தி அரசு பறிபோன ஆத்திரமும், நிலவரிச் சுமையும் சேர்ந்துகொண்டன. அதனால்தான் அது ஊர் ஊராகப் பரவியது. இப்படி ஒப்பிட்டால் 'ஏன்' என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும். கேட்ட காரணங்களை முதலில் எழுதிவிட்டு, வேலூரைக் கடைசியில் இரண்டு வரியில் சேர்க்கட்டும்.

இலக்கியக் கேள்விக்கும் இதே முறைதான். "பாண்டியன் நீதி தவறாதவன் என்பதை விளக்குக" என்று கேட்டால், "அவன் நல்ல அரசன்" என்று நாலு தரம் எழுதுவதால் பயனில்லை. கண்ணகி சபையில் என்ன செய்தாள்? தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அரசன். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. தன் தீர்ப்புத் தவறு என்று கண்டதும் அவன் உயிர் விட்டான். இந்த நிகழ்ச்சியை எழுதினால் அதுவே சான்று. சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும் என்பதைக் கண்ணகியிடமே கற்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடையை நீங்கள் சொல்லி எழுத வைக்காதீர்கள். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை புத்தகத்தைப் புரட்டித் தேடட்டும். ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதப்போவதை முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும். பாடமும் புரியும், வீட்டில் தமிழும் நிற்கும். தாத்தாவுக்கும் ஒரு மாணவன் கிடைப்பான்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: 1829இல் சதியைத் தடைசெய்த பெண்டிங்க் பிரபு, 1806இல் எங்கே, என்ன பதவியில் இருந்தார்? வேலூருக்குப் பின் அவருக்கு என்ன நேர்ந்தது? தேடி எழுதுங்கள், அடுத்த வகுப்பில் பேசுவோம்.