கோடு போட்டுப் பார்த்தீர்களா?
வீட்டு நீர்வேலை: கேள்வி – பதில்

கேள்வி: லண்டனில் இருந்து வந்து வீடு கட்டிய அண்ணன் பின்வளவில் ஜக்குசித் தொட்டி ஒன்று வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பராமரிப்பது நான். தினமும் இரண்டு விரல் தண்ணீர் குறைகிறது. சுற்றியுள்ள மாபிளை உடைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மேசன். உடைக்கலாமா? (வாசகர், தேற்றாத்தீவு)

பதில்: மேசனை வீட்டுக்கு அனுப்புங்கள் தம்பி. சுத்தியலை அவரே கொண்டு போகட்டும்.

முதலில் குறைவது கசிவா, ஆவியா என்று பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் மூடாத சுடுதண்ணீர் பகலிரவாகப் பறக்கும். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே நிரப்பி, தொட்டிக்குள் உள்ள படியில் வையுங்கள். வாளியின் உள்ளே ஒரு கோடு, தொட்டிச் சுவரில் ஒரு கோடு. மோட்டரை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஒருவரும் இறங்காமல் 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கள்ளன் காற்றுத்தான். மூடியை ஒழுங்காகப் போட்டால் போதும். தொட்டி கூடுதலாக இறங்கினால் கசிவு.

அடுத்த நாள் மோட்டரை ஓடவிட்டு அதே சோதனை. ஓடும்போது அதிகம் இறங்கினால் ஓட்டை மோட்டருக்குப் பின்னால், தண்ணீரைத் தள்ளுகிற பக்கத்தில். நிற்கும்போது அதிகம் இறங்கி, ஓடும்போது ஜெட் வாயில் காற்றுக் குமிழி வந்தால் அது உறிஞ்சுகிற பக்கம்: ஓடும்போது அந்த வழியால் காற்றை இழுக்கும், நின்றால் தண்ணீரை விடும். இரண்டிலும் ஒரே அளவென்றால் தொட்டி உடம்பையோ வாய்களையோ சந்தேகியுங்கள்.

அப்போது மின்சாரத்தை முழுதாக நிறுத்தி, தண்ணீரைத் தன் பாட்டில் இறங்க விடுங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தைச் சுற்றிவரப் பாருங்கள். ஜெட் வாய், விளக்கு, வடிகட்டி வாய், எதன் ரப்பரோ போயிருக்கும். நிற்காமல் அடி வரைக்கும் போனால் அடிவாய். சந்தேகமான இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, கேசரி நிறத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். ஓட்டை இருந்தால் நிறம் நூல் மாதிரி உள்ளே இழுபடும்.

கணக்கும் பாருங்கள். இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் 40 லீற்றர். இரண்டு விரல், கிட்டத்தட்ட மூன்று சென்ரிமீற்றர், நாளுக்கு 120 லீற்றர். களிமண் நிலமாக இருந்தால் அது முற்றத்தில் சேறாகக் காட்டியிருக்கும். நமக்குக் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வெறும் மணல். எத்தனை விட்டாலும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஈரம் தெரியவில்லை என்று நம்பி இருக்கவும் வேண்டாம், ஈரம் தெரிந்த இடத்தில்தான் ஓட்டை என்று தோண்டவும் வேண்டாம்.

கேள்வி: தொட்டியில் ஊற்றினால் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் விற்கிறார்கள். வாங்கலாமா? (மாங்காடு)

பதில்: ஓட்டையை அடைக்கும் என்றால் வடிகட்டியையும் அடைக்கும். வேண்டாம்.

கேள்வி: மகன் கனடாவில். அவன் கட்டிய தொட்டியின் பக்கக் கதவுக்குள்ளே மோட்டருக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கொழும்பில் இருந்து ஆள் எடுக்கச் சொல்கிறான். வீட்டில் நான் தனிய. பயமாக இருக்கிறது. (ஓர் அம்மா, செட்டிபாளையம்)

பதில்: பயப்படாதீங்கோ அம்மா, வீடு ஒன்றும் மிதக்காது. செக்கனுக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு ஏறத்தாழ 20 லீற்றர்; ஒரு பெரிய வாளி. கொழும்பு ஆளும் தேவையில்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டுப் பொடியன் யாரையும் கூப்பிட்டு, மோட்டரின் இரண்டு பக்கமும் உள்ள பெரிய திருகு வளையங்களை, யூனியன் என்பது அதைத்தான், கையால் இறுக்கச் சொல்லுங்கள். சாவி போட வேண்டாம், பிளாஸ்ரிக் வெடிக்கும். மோட்டரின் அதிர்வில் இவை இளகுவது வழமை. இறுக்கியும் சொட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தட்டையாகிப் போயிருக்கும். அதைக் கழற்றி, அதே அளவில் ஒன்றைக் களுவாஞ்சிகுடியில் மோட்டர்க் கடையில் காட்டி வாங்கலாம். சொட்டு மோட்டரின் நடுவிலிருந்து, அச்சு வரும் இடத்திலிருந்து வந்தால் மட்டும் சீல் மாற்ற வேண்டும். கிணற்று மோட்டர் திருத்துகிற யாருக்கும் அது தெரிந்த வேலை. ஜக்குசி என்று பேரைக் கேட்டுக் கூலியைக் கூட்டினால், அந்தக் குடும்பமே கலிபோர்னியாவில் 1920களில் கிணற்றுக்கு ஜெட் பம்ப் செய்து விற்றவர்கள்தான் என்று சொல்லுங்கள். குளிக்கிற தொட்டி வந்தது 1968இல்.

கேள்வி: தொட்டி மோட்டர் ஓடும்போது தண்ணீரில் கை வைத்தால் லேசாகச் சுள்ளென்கிறது. கசிவு காரணமாக இருக்குமா? (களுதாவளை)

பதில்: இதைக் கடிதமாக எழுதி, தபாலில் போட்டு, பதிலுக்குக் காத்திருந்தீர்களா? இந்தப் பக்கத்தை வாசித்து முடிக்க முதல் எழும்பிப் போய் மெயினை இறக்குங்கள். தொட்டிக்கென்று 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும், எர்த் வயர் இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று கையே சொல்கிறது. மின்சாரக்காரர் வந்து பார்க்கும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது. கசிவைப் பிறகு பார்ப்போம்.

கேள்வி: ஜக்குசி வாங்க வசதியில்லாமல் சீமெந்தில் தொட்டி கட்டி, சூரிய வெப்பத்தில் சுடுதண்ணீர் விட்டோம். மூன்று வருடம்கூட ஆகவில்லை. சுவரில் நீளமாக வெடிப்பு, துருப்பிடித்த கறை, கசிவு. வெடிப்புக்கு மேலே சீமெந்து பூசினோம். திரும்ப வெடித்துவிட்டது. (குருக்கள்மடம்)

பதில்: மணல் எங்கே எடுத்தீர்கள்? எழுதவில்லை. எழுதாததே பதில்.

கரையில் மணல் சும்மா கிடக்கிறது, லொறிக் காசு மிச்சம் என்று அள்ளிக் குழைக்கிறோம். குழைக்கிற தண்ணீரும் உவர்க் கிணற்றுத் தண்ணீர். நல்ல கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சீமெந்தின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய ஆடை ஒன்றைப் போட்டுவைக்கும். உப்பு அந்த ஆடையைக் கிழிக்கிறது. துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கொங்கிறீற்றைத் தள்ளி உடைக்கும். நீங்கள் பார்க்கிற வெடிப்பு கம்பி ஓடும் வழியிலேயே நேராக ஓடுகிறதா? சந்தேகமே வேண்டாம். வெளியே பூசிய சீமெந்துக்கு உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், நீங்களும் பூசிக்கொண்டே இருப்பீர்கள்.

கடல் மணலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொழும்புப் பக்கம் முத்துராஜவெலயில் கடலில் இருந்து எடுத்த மணலைத்தான் குவித்து விற்கிறார்கள். ஆனால் மழையிலும் நன்னீரிலும் உப்புப் போன பிறகு. நாமோ காலையில் அள்ளி மத்தியானம் குழைக்கிறோம். போதாததற்குக் கம்பியைப் பலகையோடு ஒட்டிக் கட்டுகிறோம். கடற்கரை ஊரில் கம்பிக்கு மேலே 50 மில்லிமீற்றர் கொங்கிறீற் வேண்டும். நம்முடைய தொட்டிகளை உடைத்துப் பார்த்தால் பாதி இடத்தில் ஒரு விரல்கூட இருக்காது. கட்டுகிற நாளில் மிச்சம் பிடித்த லொறிக் காசு இப்படித்தான் திரும்பிப் போகிறது. வீடு, கோயில் மதில், பாடசாலைத் தண்ணீர்த் தாங்கி, எங்கே பார்த்தாலும் இதே கறை. பிறகு கடற்காற்றைக் குற்றம் சொல்கிறோம்.

இனிச் செய்ய வேண்டியது: வெடித்த பகுதியைக் கம்பி தெரியும்வரை, கம்பிக்குப் பின்னாலும் உடைத்து, துரு முடிந்து நல்ல இரும்பு தெரியும் இடம் வரைக்கும் போங்கள். கம்பியை மினுங்கத் தேய்த்து, துரு எதிர்ப்புப் பூச்சுக் கொடுத்து, ஆற்று மணலும் குடிக்கிற தண்ணீரும் சேர்த்த கலவையால் நிரப்புங்கள். ஒருவாரம் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். அதன் பிறகுதான் நீர்க்காப்புப் பூச்சு, அதுவும் தண்ணீர் நிற்கும் உட்பக்கத்தில், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு தரம். வெளிப்பக்கம் பூசுவது கண்ணுக்கு மட்டும். கம்பி பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் செலவழிக்காதீர்கள், உடைத்துவிடுங்கள்.

சுடுதண்ணீர்க் குழாய் சாதாரண வெள்ளைப் பிவிசி என்றால் அதையும் மாற்ற வேண்டும். 38 பாகையிலேயே அது தாங்கும் அழுத்தம் மூன்றில் இரண்டுக்குக் கீழே போய்விடும். சூரியத் தாங்கியில் 60க்கு மேலே கொதிக்கும்; பைப் இளகித் தொங்கும். சிபிவிசி அல்லது பிபிஆர் போடுங்கள்.

கேள்வி: பிவிசி சொக்கட்டை மூன்று தரம் ஒட்டியும் கசிகிறது. கம் சரியில்லையா? (பட்டிருப்பு)

பதில்: கம் சரி, மனே. அவசரம்தான் சரியில்லை. ஈரமான பைப்பில் ஒட்டாது. வால்வை மூடியும் தண்ணீர் ஊறி வந்தால் பாண் துண்டு ஒன்றைப் பைப்புக்குள் திணித்து வைத்து ஒட்டுங்கள், பிறகு கரைந்து போகும். நேராக வெட்டி, பிசிறு எடுத்து, இரண்டு பக்கமும் பூசி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். 24 மணி நேரத்துக்கு அழுத்தம் கொடுக்காதீர்கள். பழைய சொக்கட்டுக்கு மேலே திரும்பப் பூசுவது வேலை இல்லை. வெட்டி எறிந்து புதியது போடுங்கள்.

கேள்வி: தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. தேற்றாங்கொட்டை உரைத்து விடலாமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: கலங்கலை அடியில் படியவைக்கும், கிருமியைக் கொல்லாது. பானைத் தண்ணீருக்கு உரையுங்கள். தொட்டிக்குக் குளோரின்.

கேள்வி: மண்ணுக்குள் புதைத்த பைபர் தொட்டி கசிகிறது. மார்கழியில் விடுமுறை, அப்போது முழுதாக இறைத்துவிட்டு அடியைத் திருத்த நினைக்கிறேன். (தேற்றாத்தீவு)

பதில்: மார்கழியில் வேண்டவே வேண்டாம். மாரியில் நம் கிணறுகளில் தண்ணீர் எட்டி அள்ளும் உயரத்துக்கு வந்துவிடும். அதே தண்ணீர் உங்கள் தொட்டியின் அடியிலும் நிற்கும். உள்ளே பாரம் இருக்கும்வரை தொட்டி கிடக்கும். இறைத்த மறுநிமிடம் தோணி மாதிரி மேலே எழும்பும், குழாய்கள் எல்லாம் முறியும். ஆடி, ஆவணி வரை பொறுங்கள். அதற்குள் அவசரம் என்றால் தண்ணீரை வைத்துக்கொண்டே நிறம் விட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து, தண்ணீருக்குள் இறுகும் எபொக்சியால் அடைக்கலாம்.

கடிதம் எழுதுவோருக்கு: 24 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது, வாளியில் எத்தனை, மோட்டர் ஓடியதா நின்றதா என்பதை எழுதுங்கள். “நிறையக் குறைகிறது” என்று மட்டும் வரும் கடிதங்களுக்கு இனிப் பதில் தரமாட்டேன்.