பூட்டுப் படத்தை நம்பலாமா?

கணினியில் வைரஸ் புகுந்தாலும் கணக்கிலிருந்து பணம் பறிபோனாலும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நீ எதை அமுக்கித் தொலைத்தாய்?" என்பதுதான். அப்படி அமுக்கத் தோன்றும் விதத்தில் அந்தத் திரையை அமைத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. பாதுகாப்பு மென்பொருளின் பலம் அதற்குள் இருக்கும் கணிதத்தோடு முடிந்துவிடுவதில்லை. பொத்தான் எங்கே இருக்கிறது, படம் எதைக் குறிக்கிறது, எச்சரிக்கை எப்போது வருகிறது என்பதெல்லாம் அதில் சேர்த்தி. இதுபற்றிப் பரவலாக இருக்கும் ஐந்து நம்பிக்கைகளை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு தெரிந்தால் அது நாணயமான தளம்.

உண்மை: உங்கள் கருவிக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது. பூட்டு சொல்வது அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா, மோசடிக்காரரா என்பது அதற்குத் தெரியாது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' போன்ற அமைப்புகள் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரத் தொடங்கிய பிறகு போலித் தளங்களும் பூட்டோடு வலம்வந்தன. பூட்டை மட்டும் பார்த்து ஒரு தளத்தை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2019 ஜூனில் அறிவிப்பே வெளியிட்டது.

நிறுவனத்தின் பெயரையே முகவரிக்கு அருகில் காட்டும் விலையுயர்ந்த சான்றிதழ்களும் இருந்தன. 2017-இல் இயன் கரோல் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 'ஸ்ட்ரைப்' என்று ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார். பணப் பரிவர்த்தனைத் துறையில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரும் அதுவே. அந்தப் பெயரில் சான்றிதழ் முறைப்படியே கிடைத்தது. பிரவுசரும் அதை மரியாதையாகக் காட்டியது. 2019-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து நீக்கின. அடுத்து பூட்டின் முறை வந்தது. அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான் என்று 2021-இல் கூகுள் நடத்திய ஆய்வு காட்டியது. 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இல் பூட்டு போய், அமைப்புகளைத் திறக்கும் சாதாரணப் படம் வந்தது.

பார்க்க வேண்டியது முகவரியைத்தான். இந்திய வங்கிகளின் தளங்கள் 'பேங்க்.இன்' என்ற ஈற்றுக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-இல் உத்தரவிட்டதும் இதற்காகவே.

நம்பிக்கை 2: எச்சரிக்கை கூடினால் பாதுகாப்பும் கூடும்.

உண்மை: பத்தோடு பதினொன்றாக வரும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. 2007-இல் வெளியான விண்டோஸ் விஸ்டா எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டது. மக்கள் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்று அமுக்கப் பழகினார்கள். 2009-இல் விண்டோஸ் 7 அந்தத் தொல்லையைக் குறைத்துக்கொள்ள வழிசெய்தது.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களில் தோன்றிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்த முடிவுகள் 2013-இல் வெளியாயின. சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையை மீறிச் சென்றது குரோமில் 70 சதவீதம், ஃபயர்ஃபாக்ஸில் 33 சதவீதம். இந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை திரையின் அமைப்பால் வந்தது என்று மறு ஆண்டு தெரிந்தது. அதன்பின் குரோம் தன் திரையைத் திருத்தியது. திரும்பிப் போகும் பொத்தான் பெரிதாக முன்னால் வந்தது. மீறிச் செல்லும் வழி உள்ளே ஒளிந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகும் ஆபத்து என்ன என்பது பலருக்கு விளங்கவில்லை. ஆனாலும் பின்வாங்கியவர்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடினார்கள்.

நம்பிக்கை 3: தவறெல்லாம் விவரம் தெரியாத பயனாளர்களுடையது.

உண்மை: பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 1999-இல் அல்மா விட்டன், டக் டைகர் இருவரும் செய்த சோதனை கணினி உலகில் பிரபலம். மின்னஞ்சலில் நன்கு பழகிய 12 பேரிடம், அக்காலத்தில் எளிமையான தோற்றத்துக்காகப் பாராட்டப்பட்ட, பிறர் படிக்க முடியாதபடி மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி 5.0 மென்பொருளைக் கொடுத்தார்கள். ஒரு கற்பனைத் தேர்தல் பிரசாரத்தின் ரகசியத் திட்டத்தைப் பூட்டி அனுப்ப வேண்டும். நேரம் 90 நிமிடம். மூன்றில் ஒரு பங்கினர்தான் சரியாகச் செய்தார்கள். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். யாருடைய டிஜிட்டல் சாவியால் பூட்டுவது என்பதிலேயே பலர் தடுமாறினார்கள். மென்பொருளின் கணிதத்தில் குறை எதுவும் இல்லை, திரைதான் கைவிட்டது.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் 100 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களின் உரையாடல்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டியது. ஒருவரும் சாவியைத் தொடவில்லை. எல்லாம் பின்னணியில் நடந்தது.

நம்பிக்கை 4: பாதுகாப்பு வேண்டுமென்றால் சிரமப்படத்தான் வேண்டும்.

உண்மை: ராணுவ ரகசியக் குறியீடுகளுக்கு ஆறு விதிகள் வகுத்த ஆகஸ்ட் கெர்காஃப்ஸ், 1883-லேயே இதை மறுத்துவிட்டார். முறை எளிதாக இருக்க வேண்டும், மூளையைக் கசக்கவோ நீண்ட விதிப் பட்டியலை நினைவில் வைக்கவோ தேவைப்படக் கூடாது என்பது அவருடைய ஆறாவது விதி.

பாஸ்வேர்டு விஷயத்தில் இது நிரூபணமானது. கட்டாயப்படுத்தி மாற்றச் சொன்னால் மக்கள் பழையதன் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் புதிய பாஸ்வேர்டுகளில் குறைந்தது 41 சதவீதத்தைச் சில நொடிகளில் உடைக்கலாம் என்று வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வு 2010-இல் காட்டியது. அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி, 2017-இல் தன் பழைய அறிவுரையைக் கைவிட்டது. காரணமின்றி அவ்வப்போது மாற்றச் சொல்லாதீர்கள், சிறப்புக் குறிகளைக் கட்டாயமாக்காதீர்கள், நகலெடுத்த பாஸ்வேர்டை ஒட்டுவதற்கு இடம் கொடுங்கள் என்பது அதன் புதிய பரிந்துரை. இன்றும் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அலுவலகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை 5: விழிப்புணர்வு விளம்பரம் கொடுத்தால் மோசடி நின்றுவிடும்.

உண்மை: யுபிஐயில் தனிநபர் ஒருவர் மற்றவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண்ணைப் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று மோசடிக்காரர்கள் நம்பவைத்தார்கள். கேட்பதும் கொடுப்பதும் ஒரே திரையில் குழம்பின. வங்கிகள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்தும் ஏமாற்று தொடர்ந்தது. இறுதியில் தேசிய பணப்பட்டுவாடாக் கழகம், தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது. கடைகளும் நிறுவனங்களும் அனுப்பும் கோரிக்கைகள் மட்டும் தொடர்கின்றன. எனவே ஒன்றை நினைவில் வையுங்கள்: யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.