மரம் அறுக்கும் யந்திரமும் அதன் சைலன்ஸரும்

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்களில் வேர்வாடல் நோய் கண்ட தென்னை மரங்கள் வெட்டி அகற்றப்பட்டு வருவதை நாம் அறிவோம். நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. அதை நீக்கிவிட்டுப் புதுக் கன்று நடுவதே தோப்புக்கு நல்லது. முன்னர்க் கோடரியும் கை ரம்பமும் செய்த இவ்வேலையை இன்று பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்கிறது. இதை வாங்கி, கூலிக்கு மரம் அறுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் கொங்கு நாட்டுக் கிராமங்களில் பல உண்டு. யந்திரம் நின்றால் அவ்வீட்டு அடுப்பும் நிற்கும்.

யந்திரத்தின் வேகம் சற்றுக் குறைந்தவுடன், “சைலன்ஸரைத் திறந்துவிட்டால் இழுவை கூடும்” என்று யாராவது யோசனை சொல்வது வழக்கம். இதில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

சைலன்ஸரின் வேலை

சங்கிலி ரம்பத்தில் உள்ளது இரு வீச்சு எஞ்சின். பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டரின் பக்கத்திலுள்ள புகைவாய் திறந்து, எரிந்த புகை வெளியேறுகிறது. அதே சமயத்தில் புதுக்கலவை உள்ளே வந்து, எஞ்சிய புகையையும் தள்ளுகிறது. புகை தடையின்றி வெளியேறினால் புதுக்கலவை நிறையப் புகும், வலு கூடும். புகை தேங்கினால் வலு குறையும், சூடு ஏறும்.

சைலன்ஸர் இப்புகையை வாங்கி ஓசையை அடக்குகிறது. சூடான புகை ஆள்மேல் படாதவாறு திருப்பி விடுகிறது. பல யந்திரங்களில் அதன் வாயில் நுண்ணிய கம்பி வலை ஒன்றும் இருக்கும். கனலும் கரித்துகள் வெளியே தெறிக்காமல் தடுப்பது இவ்வலையே. காய்ந்த ஓலையும் பன்னாடையும் உதிர்ந்து கிடக்கும் தோப்பில் இந்தச் சிறு வலை ஒரு காவற்காரன்.

முதலில் பார்க்க வேண்டியவை

வலு குறைந்த யந்திரங்களிற் பலவற்றுக்குச் சைலன்ஸரை மாற்ற வேண்டிய தேவையே இராது. பின்வருவனவற்றை வரிசையாகச் சோதித்தல் வேண்டும்.

1. சங்கிலியின் பல்: தென்னையின் வெளிப்புறம் கடினமானது, அடிமரத்தில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். பல் விரைவில் மழுங்கும். கூரிய பல் சீவலை உதிர்க்கும். மழுங்கிய பல் மாவை உதிர்க்கும். மாவு கண்டால் அரம் போட வேண்டிய வேளை வந்துவிட்டதென்று கொள்க.

2. காற்று வடிகட்டி: தூள் அடைத்திருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். நாள்தோறும் துடைக்க வேண்டும்.

3. எண்ணெய் அளவு: தயாரிப்பாளர் 50க்கு 1 என்று குறித்திருந்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி இரு வீச்சு எண்ணெய் போதும். கண்ணளவில் அதிகம் ஊற்றினால் கரி படியும்.

4. கம்பி வலையும் புகைவாயும்: எஞ்சின் ஆறிய பின் சைலன்ஸரைக் கழற்றி, வலையிற் படிந்த கரியைத் தூரிகையால் நீக்க வேண்டும். பிஸ்டன் புகைவாயை மூடி நிற்குமாறு திருப்பி வைத்து, அங்குள்ள கரியை மரக்குச்சியால் சுரண்டலாம், இரும்பு ஆகாது. பூட்டும்போது கேஸ்கட் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலே பெரும்பாலும் பழைய வலு திரும்பிவிடும்.

திறந்தால் நேர்வது என்ன?

சிலர் சைலன்ஸரில் கூடுதல் துளை போடுகிறார்கள். சிலர் அகன்ற வாயுள்ள வேறொன்றைப் பூட்டுகிறார்கள். புகை எளிதாகச் செல்வதால் காற்றும் அதிகமாக உள்ளே வருகிறது. ஆனால் கார்புரேட்டர் பழைய அளவுக்கே வைக்கப்பட்டது. ஆகவே பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை வறள்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வறண்ட கலவையில் எஞ்சின் முதலில் உற்சாகமாகக் கூவும். “இழுவை கூடிவிட்டது” என்று மகிழ்வார்கள். ஆனால் இவ்வெஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலோடு வரும் எண்ணெயே பிஸ்டனுக்கு மசகு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், குளிர்ச்சியும் குறையும். சூடேறிய பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். ஒரு துளையின் விலை, பிஸ்டனும் சிலிண்டரும் ஆகிவிடும்.

ஆதலின், மாற்றம் செய்தால் கார்புரேட்டரில் ‘எச்’ என்று குறித்த திருகைச் சிறிது இடப்புறம் திருப்பிக் கலவையைச் செழுமையாக்கியே தீர வேண்டும். சுற்றெண் அளக்கும் கருவி கொண்டு, தயாரிப்பாளர் குறித்த உச்ச வேகத்தைத் தாண்டாமல் வைப்பது அவசியம். திருகே இல்லாமல் தானே கலவையைச் சீர்செய்யும் யந்திரங்களும், புகையைச் சுத்திகரிக்கும் சைலன்ஸர் உள்ளவையும் இப்போது உண்டு. அவற்றில் கை வைக்கலாகாது. உத்தரவாதக் காலத்தில் மாற்றம் செய்தால் அந்த உரிமையையும் இழக்க நேரும்.

செவியும் செல்வமே

சங்கிலி ரம்பத்தின் ஓசை ஏறத்தாழ 110 டெசிபல். 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. இக்கணக்கின்படி 110 டெசிபலைக் காதுக்கவசமின்றி இரண்டு நிமிடம் கேட்பதே மிகுதி. சைலன்ஸரைத் திறந்தால் ஓசை இன்னும் ஏறும். பிஸ்டனைப் புதிதாக வாங்கலாம். மங்கிய செவிப்புலனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. மரம் சாயும்போது தோழர் இடும் எச்சரிக்கைக் குரலும் காதில் விழ வேண்டுமல்லவா?

இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937இல் உருவான கோவையில் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. துளை போடுவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. ஆயினும், துளைக்குமுன் துடைப்போம். திறந்தால் கலவையைத் திருத்துவோம். கம்பி வலையையும் காதுக்கவசத்தையும் ஒருபோதும் கைவிடோம். யந்திரம் நெடுநாள் உழைக்கும். அதை ஏந்தும் கைகளும் நலமாயிருக்கும்.