இருதயம் நன்றாகச் சுருங்கினாலும் மூச்சு வாங்குவது ஏன்?

கொழுந்துக் கூடையுடன் மேடு ஏறும்போது முன்பு இல்லாத மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சு முட்டுதல், மாலையில் கால் வீக்கம். இவற்றை வயதென்றும் களைப்பென்றும் நாம் தள்ளிவிடுகிறோம். எக்கோ பரிசோதனையில் "இருதயம் நன்றாகச் சுருங்குகிறது" என்றதும் கவலையையும் விட்டுவிடுகிறோம்.

இருதயத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு: சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவது, தளர்ந்து மீண்டும் நிரம்புவது. புதிய ரப்பர் பந்தைத் தண்ணீருக்குள் அமுக்கி விட்டால் விரிந்து நீரை இழுக்கும். காய்ந்து இறுகிய பந்து சரியாக விரியாது. நெடுநாள் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன், முதுமை ஆகியவற்றால் இருதயச் சுவரும் இவ்வாறு இறுகலாம். அப்போது நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்கும்.

தள்ளும் அளவு 50 வீதமோ அதற்கு மேலோ இருந்தாலும், சுவரின் தடிப்பு, இடது மேலறையின் பருமன், நிரம்பும்போதுள்ள அழுத்தம் என்பவற்றையும் வைத்தியர் எக்கோவில் பார்ப்பார். ஈசீஜீயும் இரத்தப் பரிசோதனையும் உதவும். இரத்தச்சோகை, சுவாச நோய் ஆகியவற்றாலும் மூச்சு வாங்கலாம் என்பதால் அவற்றையும் சோதிப்பார்.

2016 மே மாத அரநாயக்க மண்சரிவைப் போன்ற இடர்களில் வீட்டோடு மாத்திரையும் கிளினிக் கொப்பியும் போய்விடும். அழுத்த மாத்திரை நின்றால் இந்நோய் முற்றும். ஆகவே மருந்தின் பெயரையும் அளவையும் வேறொரு தாளில் எழுதி, அடையாள அட்டையுடன் வைப்போம். முகாமுக்கு வரும் வைத்தியரிடம் முதல் நாளே காட்டுவோம். உப்பையும் கருவாட்டையும் குறைப்போம். இருந்தபடியே மூச்சுத் திணறினால் 1990 இலவச அம்புலன்ஸை உடனே அழைப்போம்.