கம்பியின் கணக்கு

நுழையும்முன்

மின்கருவி பழுதுபட்டால் அனைவரும் கருவியையே ஐயுறுகின்றனர். அதற்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியைப் பலர் நினைப்பதில்லை. ஆனால், வீடுகளில் நேரும் மின்தீ விபத்துகள் பல, சூடேறிய கம்பியிலோ தளர்ந்த இணைப்பிலோ தொடங்குகின்றன. அச்சூட்டை முன்கூட்டியே அறிவதற்கு மின்னழுத்தம், மின்னோட்டம் என்னும் இரண்டு அளவுகள் வழிகாட்டுகின்றன. அவற்றிலிருந்து மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஓம் கண்டறிந்த உறவு

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு, பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கியார்க் சைமன் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், உலோகக் கம்பிகளில் மின்சாரம் பாயும் முறையை அவர் ஆராய்ந்தார். அக்காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. எனவே, பிஸ்மத், செம்பு ஆகிய உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மற்றோர் இணைப்பை உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். தம் முடிவுகளை 1827ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் அந்நூலுக்கு உரிய வரவேற்பு கிட்டவில்லை. 1841ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகம் கோப்ளி பதக்கம் அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது.

வெப்பநிலை மாறாதபோது, ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே ஓம் விதி. இதிலிருந்து,

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

எனப் பெறப்படுகிறது. அழுத்தம் வோல்ட்டிலும் ஓட்டம் ஆம்பியரிலும் இருப்பின், தடை ஓம் என்னும் அலகில் அமையும்.

திறனை அறிதல்

ஒரு வோல்ட் என்பது ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் ஒரு ஜூல் ஆற்றலை வழங்குவதைக் குறிக்கும். ஓர் ஆம்பியர் என்பது ஒவ்வொரு நொடியும் ஒரு கூலும் மின்னூட்டம் கடப்பதைக் குறிக்கும். இவ்விரண்டையும் பெருக்கினால் ஒரு நொடியில் செலவாகும் ஆற்றல் கிடைக்கிறது. அதுவே மின்திறன், அதன் அலகு வாட்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

எடுத்துக்காட்டு: 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு சலவைப்பெட்டி 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் மின்தடை, மின்திறன் யாவை?

தீர்வு: மின்தடை = 230 ÷ 5 = 46 ஓம்; மின்திறன் = 230 × 5 = 1150 வாட்.

அதே அழுத்தத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் நீர்சூடேற்றியின் தடை 23 ஓம். திறன் 2300 வாட். தடை பாதியானதால் திறன் இருமடங்காயிற்று. மின்விசிறி போன்ற மோட்டார்க் கருவிகளுக்கு இப்பெருக்கல் மட்டும் போதாது. மாறுமின்னோட்டத்தில் அவற்றின் திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

230 வோல்ட்டில் ஒளிரும் 60 வாட் டங்ஸ்டன் இழை விளக்கின் தடை ஏறத்தாழ 882 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் அதே இழையின் தடை இதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. உலோகத்தின் வெப்பநிலை உயர உயர அதன் தடையும் உயர்வதே இதற்குக் காரணம். ஓம் விதியில் ‘வெப்பநிலை மாறாதபோது’ என்னும் தொடர் இடம்பெறுவதன் தேவை இதனால் விளங்கும்.

கம்பியில் பிறக்கும் வெப்பம்

கம்பிக்கும் சிறிதளவு தடை உண்டு. அதில் வீணாகும் திறனைக் காண, மின்னழுத்தத்தின் இடத்தில் ‘மின்னோட்டம் × மின்தடை’ என்பதைப் பதிலிட வேண்டும்.

வெப்பமாகும் திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் சோதனைகளால் நிறுவினார்.

ஒரு நீட்டிப்புக் கம்பியின் மொத்தத் தடை 0.2 ஓம் எனக் கொள்க. சலவைப்பெட்டி மட்டும் இயங்கும்போது கம்பியில் உண்டாகும் வெப்பம் 5 × 5 × 0.2 = 5 வாட். நீர்சூடேற்றியையும் அதே கம்பியில் இணைத்தால் ஓட்டம் 15 ஆம்பியராகும். அப்போது வெப்பம் 15 × 15 × 0.2 = 45 வாட். ஓட்டம் மும்மடங்காக, வெப்பம் ஒன்பது மடங்காகிவிட்டது. கம்பி சுருட்டி வைக்கப்பட்டிருந்தால் அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. மேலுறை இளகி உருகும்.

தளர்ந்த இணைப்பு இன்னும் தீங்கானது. செருகியின் முனையில் 0.5 ஓம் தடை ஏற்பட்டு, 10 ஆம்பியர் பாய்ந்தால், அங்கு 50 வாட் வெப்பம் பிறக்கும். 25 வாட் பற்றவைப்புக் கோலே ஈயப் பற்றாசை உருக்கப் போதுமானது. அதனினும் இருமடங்கு வெப்பம் நெகிழிச் செருகியின் உள்ளே ஒரு சிறு புள்ளியில் குவிகிறது.

உருகு இழையின் பணி

ஓட்டம் எல்லை மீறும்போது தானே உருகி மின்சுற்றைத் துண்டித்துக் கம்பியைக் காப்பது உருகு இழை. அது அடிக்கடி உருகுகிறது என்பதற்காகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அவ்வாறு செய்தபின், இழைக்கு முன்பாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறும். எனவே, உருகு இழையின் அளவு, கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மீறாதிருத்தல் வேண்டும். 10 ஆம்பியர் எடுக்கும் கருவியை 6 ஆம்பியர் பொருத்துவாயில் செருகாமல், 16 ஆம்பியர் பொருத்துவாயில் இணைப்பதே முறை. கருவியின் மேல் பொறித்துள்ள வாட் அளவை 230ஆல் வகுத்தால், சூடேற்றும் கருவி எடுக்கும் ஓட்டம் கிடைத்துவிடும். இச்சிறு வகுத்தலைச் செருகுவதற்கு முன் செய்தல் நலம்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள சூடேற்றும் கருவிகளில் பொறித்துள்ள வாட் அளவுகளைக் குறித்து, ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் மின்தடையையும் கணக்கிடுக.

2. அவற்றுள் எவ்விரண்டை ஒரே 6 ஆம்பியர் பொருத்துவாயில் சேர்த்து இணைத்தல் ஆகாது என்பதைக் காரணத்துடன் விளக்குக.